வார்டில் போடும் ஓட்டு, கோட்டையில் போடும் கணக்கு: சென்னை மாநகராட்சித் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 வரை எங்கள் ஊர் கிராம ஊராட்சி. அந்த ஆண்டு அக்டோபரில் திடீரென்று சென்னைக்காரர்கள் ஆனோம். தண்ணீர் லாரி மாறவில்லை, குண்டும் குழியுமான தெரு மாறவில்லை, வரி ரசீதின் தலைப்பு மட்டும் மாறியது. குடியிருப்போர் நலச்சங்கத்தில் பல வருடம் செயலாளராகக் குப்பை கொட்டியதால், கவுன்சிலர், மேயர், வார்டு என்று யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். பகுதியின் பெயரையும் வார்டு எண்ணையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தனியொரு கவுன்சிலரை இழுத்து வைத்துத் திட்டுவது நோக்கமில்லை. எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை. கருத்துகள் மட்டும் நிறைய உண்டு.

எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர் என்று மூன்று பேர் இருக்கிறார்களே, எதற்கு யாரிடம் போவது?

நியாயமான கேள்வி. ஆனால் இந்த மூவரில் யாரிடமும் இல்லாத வேலைகள்தான் அதிகம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பாதாள சாக்கடை பொங்குகிறதா? அது குடிநீர் வாரியம். 1978 சட்டத்தின்படி தனி வாரியமாகி, மாநில அரசின் கீழ் இருக்கிறது. கரண்ட் மின்வாரியம். பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகம். பக்கத்து மனையில் அனுமதியில்லாமல் நான்கு மாடி எழும்பினால் அது அடுக்குமாடியின் அளவைப் பொறுத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையாக இருக்கலாம். ஏரி, ஆறு, பெரிய கால்வாய் எல்லாம் நீர்வளத் துறை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வனத் துறை.

மழை பெய்தால் எங்கள் தெருத் தண்ணீர் போகும் வழியைக் கேளுங்கள். முதலில் மாநகராட்சியின் மழைநீர் வடிகாலில் இறங்கும். அங்கிருந்து நீர்வளத் துறைக் கால்வாய்க்குப் போகும். அப்புறம் வனத் துறையின் சதுப்பு நிலம். தண்ணீருக்கு எந்த ஆபீஸ் எல்லையும் தெரியாது. எந்த இடத்தில் நின்றாலும் "அது அவங்க லிமிட்" என்ற பதில் மட்டும் தயாராக இருக்கும்.

அப்படியானால் மாநகராட்சியிடம் மிச்சம் என்னதான் இருக்கிறது?

குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், சில பேருந்துச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், கொசு மருந்து, பிறப்பு இறப்புச் சான்று, மயானம், தெருநாய், சொத்து வரி, தொழில் வரி. சும்மா சொல்லக்கூடாது, காலையில் கண் விழித்து இரவு படுக்கும் வரை நம் கண்ணில் படுவதில் பாதி இதுதான்.

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் அடுக்கியது. முதல் வரியே நகரத் திட்டமிடல். மூன்று நான்கு வரி தள்ளிக் குடிநீர். சென்னையில் இரண்டுமே கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றத்தின் கையில் இல்லை. "ஒப்படைக்கலாம்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கோட்டையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே எந்தக் கட்சி இருந்தாலும் சரி.

மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா?

அங்கி, சங்கிலி, முன்வரிசை நாற்காலி எல்லாம் மேயருக்கு. கோப்பும் கையெழுத்தும் கமிஷனருக்கு. கமிஷனர் ஐஏஎஸ் அதிகாரி. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றம் தீர்மானம் போடலாம், பட்ஜெட்டை நிறைவேற்றலாம், கேள்வி கேட்டுக் குடையலாம். நிறைவேற்றும் அதிகாரம் கமிஷனரிடம்.

மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகைக்கும் மாநில அரசு இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். கோப்புகள் எந்தத் திசையில் போய்வருகின்றன என்று பார்த்தாலே யார் பெரியவர் என்று புரிந்துவிடும்.

மேயரை நாம் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை? முன்பு ஓட்டுப் போட்ட ஞாபகம் இருக்கிறதே?

உங்கள் ஞாபகம் சரி. போட்டோம், போடவில்லை, போட்டோம், போடவில்லை என்று மாறி மாறி வந்திருக்கிறது. 1996இலும் 2001இலும் மேயருக்கு நேரடி ஓட்டு. இரண்டு முறையும் மு.க. ஸ்டாலின் ஜெயித்தார். 2001இல் ஒரு வேடிக்கை: மே மாதம் மாநிலத்தில் அதிமுக ஆட்சிக்கு வந்தது, அக்டோபரில் சென்னை மக்கள் திமுக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்டையில் ஒரு கட்சி, ரிப்பன் மாளிகையில் அதன் எதிரி. இது எத்தனை நாள் தாங்கும்? 2002இல், எம்.எல்.ஏ.வாக இருப்பவர் மேயராகவும் இருக்க முடியாது என்று சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டாலின் அப்போது ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, கடைசியில் மேயர் நாற்காலி அவரை விட்டுப் போனது.

2006இல் திமுக ஆட்சி. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை வந்தது, மா. சுப்பிரமணியன் மேயர். 2011இல் அதிமுக ஆட்சி. மறுபடி நேரடித் தேர்தல். சைதை துரைசாமி மேயர். 2016இல் அதே அதிமுக அரசு மறைமுக முறைக்குத் தாவியது. 2018இல் நேரடி முறை என்று சட்டமன்றத்தில் திருத்தம். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். 2022இல் திமுக ஆட்சி அதை அப்படியே வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தத்துவ விளக்கம் கொடுத்தார்கள். மன்றமும் மேயரும் ஒரே கட்சியாக இருந்தால் நிர்வாகம் சீராக நடக்கும் என்பது ஒன்று. மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் மேயர் வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தத் தேர்தலுக்கு எந்த நியாயம் என்பதை அந்தந்த நேரத்துக் கூட்டணிக் கணக்குதான் முடிவு செய்தது என்பது என் அபிப்பிராயம். மேயர் வேட்பாளர் என்று ஒரு முகத்தை முன்னிறுத்தினால் கூட்டணிக் கட்சிகள் "எங்களுக்கு எத்தனை மேயர்?" என்று முன்கூட்டியே பேரம் பேசும். மறைமுகம் என்றால் அந்தப் பேச்சை ஜெயித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2022 மார்ச்சில் அதன் விளைவையும் பார்த்தோம். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுகவினரே போட்டியிட்டு ஜெயித்துவிட்டார்கள். ராஜினாமா செய்யுங்கள் என்று முதலமைச்சரே பகிரங்கமாக அறிக்கை விட வேண்டி வந்தது.

மறைமுக முறையில் ஜெயித்த மேயரை மக்கள் இறக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. 2024 ஜூலையில் கோவை மேயரும் திருநெல்வேலி மேயரும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அடுத்த மாதம் புது மேயர்கள் வந்தார்கள், அப்போதும் கேட்கவில்லை.

2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லையே, நகரம் ஓடவில்லையா?

ஓடியது. கவுன்சிலர் எதற்கு என்று கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். மனுத் தாக்கல்கூட முடிந்துவிட்டது. பழங்குடியினருக்கு உரிய இடஒதுக்கீடு இல்லை என்று திமுகவின் ஆர்.எஸ். பாரதி வழக்குப் போட்டார். அறிவிக்கை விதிப்படி இல்லை என்று உயர் நீதிமன்றம் அக்டோபர் 4ஆம் தேதி தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 31க்குள் நடத்தச் சொன்னது. நடக்கவில்லை. அப்புறம் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புது மாவட்டப் பிரிப்பு, கொரோனா என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் 2022 பிப்ரவரி 19இல்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்து வருடத்துக்கு மேல் கமிஷனரே தனி அலுவலர். மன்றம் நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தை அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, அவரே கையெழுத்துப் போட்டார்.

அரசியல் சட்டம் இதில் மழுப்பவே இல்லை. 243-யு பிரிவின்படி ஒரு மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை; அந்த ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். மறுவரையறை போன்ற காரணங்களைச் சொல்லித் தள்ளக்கூடாது என்று 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது.

சரி, அந்த ஐந்து வருடம் எங்கள் தெருவில் என்ன ஆனது? தெருவிளக்கு எரிந்தது. குப்பை லாரி வந்தது. சில விஷயங்களில் முன்னைவிட வேகமாகவே நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்கு கேட்க ஆள் இல்லை என்று எங்கள் டீக்கடைக்காரர் காரணம் சொன்னார். ஆனால் ஒரு முறை வடிகால் தோண்டிய பள்ளம் ஐந்து மாதம் மூடாமல் கிடந்தது. ஒரு பெரியவர் இரவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மனு எழுதினோம், போன் செய்தோம், செயலியில் புகார் போட்டோம். "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பள்ளம் அப்படியேதான் இருந்தது. அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்தவருக்கு விஷயமே தெரியாது. எந்த வாசலில் போய் நின்று சத்தம் போடுவது என்றே தெரியாத நிலை. கவுன்சிலர் நல்லவரோ கெட்டவரோ, அவர் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அவர் நம் வீட்டுக்கும் வந்தாக வேண்டும்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

நம் நகரத்துக்கு இது பழகிய விஷயம். 1973இல், தினக்கூலிப் பட்டியலில் முறைகேடு என்ற மஸ்டர் ரோல் ஊழல் புகாரில் திமுக அரசே மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது. அடுத்த மன்றம் வந்தது 1996இல். 23 வருடம்! நடுவில் எத்தனை முதலமைச்சர்கள், எத்தனை குடியரசுத் தலைவர் ஆட்சி! ஒருவருக்கும் சென்னைக்கு மன்றம் இல்லையே என்று தூக்கம் கெடவில்லை. 1688இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று பெருமை பேசும்போது இந்த 23 வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிராமங்களிலும் இதே கதைதான். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் வந்தார்கள். இந்த முறை ஆட்சி வேறு கட்சி.

சொத்து வரியை ஏற்றியது கவுன்சிலர்களா, அரசாங்கமா?

மன்றத்தில் தீர்மானம் போட்டது கவுன்சிலர்கள். அப்படிப் போடச் சொன்னது அரசாங்கம். மாநில அரசியல் எப்படி நம் வீட்டு வாசல் வரை வருகிறது என்று புரிய இந்த ஒரு கதை போதும், தேதிகளை மட்டும் கவனியுங்கள்.

சென்னையில் 1998க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018 ஜூலையில் அதிமுக அரசு வரியை ஏற்றியது: சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் வரை. எதிர்க்கட்சியான திமுக தெருவில் இறங்கிப் போராடியது. நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், ஏற்றியதை அதே அரசு நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியது அடுத்த தவணைகளில் கழிந்தது.

2022 பிப்ரவரி 22இல் வாக்கு எண்ணிக்கை. மார்ச் 4இல் மேயர் பதவியேற்பு. ஏப்ரல் பிறக்கும்போது வரி உயர்வு அறிவிப்பு. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. எங்களைப் போல 2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு இதைவிடக் குறைவு, 25 சதவீதத்தில் தொடங்கியது. வரியைச் சீராய்வு செய்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள், அது பொய்யில்லை. இந்த முறை அதிமுக தெருவில் இறங்கிப் போராடியது.

தேர்தலுக்கு முன் நிறுத்தியது ஒரு கட்சி, தேர்தல் முடிந்த கையோடு ஏற்றியது இன்னொரு கட்சி. வரியே கூடாது என்று சொல்பவன் இல்லை நான். 24 வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியில் ஏற்றினால் யாருக்கும் வலிக்கும். வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்தக் கூச்சலே இருந்திருக்காது. அந்தத் துணிச்சல் எந்த ஆட்சிக்கும் இல்லை. பிரசாரத்துக்கு வந்த எந்த வேட்பாளரும் எங்கள் தெருவில் சொத்து வரி என்ற சொல்லையே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு.

ஆளுங்கட்சிக் கவுன்சிலர் என்றால்தான் வேலை நடக்குமாமே?

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சாடையாகச் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். மக்களும் நம்புகிறார்கள். 2011இல் அதிமுக ஆட்சி, 200 வார்டில் 160க்கும் மேல் அதிமுக. 2022இல் திமுக ஆட்சி; திமுக மட்டும் 153, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்டும் விடுதலைச் சிறுத்தைகளும் தலா 4 என்று கூட்டணி 178க்கு வந்தது. அதிமுக 15, பாஜக 1, அமமுக 1, சுயேச்சைகள் 5. மாநிலத்தின் 21 மாநகராட்சிகளும் ஒரே கூட்டணிக்கு. இரண்டு தேர்தலிலும் வார்டுக்கு வார்டு யோசித்துப் போட்ட ஓட்டாக எனக்குப் படவில்லை. கோட்டையில் இருப்பவரோடு ஒத்துப்போய்விடலாம் என்ற எச்சரிக்கைதான் தெரிகிறது.

நடைமுறையில் வேலை நடக்கிறதா என்றால், என் அனுபவத்தில் இதைவிட முக்கியமானது ஆள். ஆளுங்கட்சிக் கவுன்சிலரைக் கேட்டால் "மேலே சொல்லியிருக்கேன்" என்பார். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் "எங்க ஆட்சி வரட்டும்" என்பார். மண்டல அலுவலகத்தில் போய் உதவிப் பொறியாளர் எதிரே உட்கார்ந்து, இந்தத் தெருவுக்கு மதிப்பீடு போட்டாயிற்றா, டெண்டர் எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று விடாமல் கேட்பவர்தான் வேலையை முடிக்கிறார். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், எண்ணிக்கைதான் குறைவு.

கவுன்சிலர் கட்சி மாறினால் பதவி போய்விடுமா?

போகாது. கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். சுயேச்சைகள் ஜெயித்த மறுநாளே சால்வையோடு போட்டோவில் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது, மதிப்பூதியம். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000. அதற்கு முன்பு கூட்டத்துக்கு வந்தால் படி மட்டும். ஒரு வார்டில் சராசரியாக 30,000 வாக்காளர்கள். இத்தனை பேருடைய கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் போய் மொய்யோ மாலையோ வைக்க 10,000 ரூபாய் எந்த மூலைக்கு? மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். மணல் இறங்கியதும் யார் வந்து நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கட்சி வேறுபாடு இல்லாமல் நடக்கும் காரியம் அது ஒன்றுதான்.

சென்னைக்காரர்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை?

2022இல் மாநிலம் முழுக்க நகர்ப்புறத் தேர்தலில் கிட்டத்தட்ட 61 சதவீதம். சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. படித்தவர்களின் சோம்பேறித்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. ஓரளவுதான் உண்மை. வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறார்கள், பெயர் பழைய தெருவிலேயே கிடக்கிறது. வார்டு எல்லையும் மாறிவிட்டது. 2011இல் நான் போட்ட வார்டு வேறு, 2022இல் வேறு, நான் வீடே மாறவில்லை. எங்கள் சங்கத்துத் துணைத் தலைவர் குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடம், பையனுக்கு இன்னொரு பள்ளிக்கூடம்.

இன்னொரு காரணத்தை யாரும் எழுதவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே இல்லாமல் இருந்து பழகியவனிடம் போய், இந்த மன்றம் ரொம்ப முக்கியம், வந்து ஓட்டுப் போடு என்றால் அவன் ஏன் நம்ப வேண்டும்?

பாதி வார்டு பெண்களுக்கு என்றார்கள். ஆனால் எங்கே போனாலும் "கவுன்சிலர் வீட்டுக்காரர்"தானே வருகிறார்?

2016இல் வந்த சட்டப்படி உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்கு. சென்னை மேயர் பதவியே 2022இல் பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 28 வயதில் ஆர். பிரியா மேயரானார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், பட்டியல் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயர்.

வீட்டுக்காரர் விஷயம் உண்மைதான். வட்டச் செயலாளராக இருபது வருடம் கொடி கட்டியவர், வார்டு பெண்களுக்குப் போனதும் மனைவியை நிறுத்துகிறார். சுவரொட்டியில் அவர் படம் பெரிது, அந்த அம்மா படம் சின்னது. முதல் வருடம் ஆய்வுக்கும் அவரே வருவார். ஆனால் நான் கவனித்தது ஒன்று உண்டு: இரண்டு வருடம் போனதும் சில அம்மாக்கள் தனியாக வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்த ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பங்குக்கு ஒரு காரியம் செய்யலாம். வீட்டுக்காரர் நம்பரை வாங்காதீர்கள், கவுன்சிலர் நம்பரையே கேளுங்கள்.

பகுதி சபை என்று ஏதோ போர்டு பார்த்தேன், அது என்ன?

கிராமசபை மாதிரி நகரத்துக்கு. இதற்கான விதிகள் 2022 ஜூனில் வந்தன. சென்னையில் ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிந்து, ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1இல் முதல் கூட்டங்கள் நடந்தன. எங்கள் பகுதிக்கு நான் போனேன். இருபது பேர் வந்திருந்தார்கள், அதில் எட்டுப் பேர் கட்சிக்காரர்கள், நான்கு பேர் ஊழியர்கள். தெருநாய் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். இருந்தாலும் போங்கள். நீங்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது அன்றைக்கே காற்றில் போய்விடும்.

வார்டுத் தேர்தல் முடிவைப் பார்த்து சட்டமன்றத் தேர்தலை ஊகிக்கலாமா?

ஒரு காலத்தில் முடிந்தது. 1959இல் திமுக 100 வார்டில் 45 பிடித்து, அ.பொ. அரசு மேயரானபோது அந்தக் கட்சி பிறந்து பத்து வருடம்தான். அடுத்த எட்டாவது வருடம் கோட்டையைப் பிடித்தார்கள். அன்று ரிப்பன் மாளிகை கோட்டைக்குப் போகும் படிக்கட்டு. இப்போது கோட்டையைப் பிடித்த பிறகு ரிப்பன் மாளிகை தானாக வந்து சேருகிறது. 2021இல் சென்னையின் 16 சட்டமன்றத் தொகுதிகளும் திமுக கூட்டணிக்கு. ஒன்பது மாதம் கழித்து வார்டுத் தேர்தல் வந்தபோது முடிவு யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

நாம் ஊராட்சியாகவே இருந்திருக்கலாமோ?

மழைக்காலத்தில் எல்லோரும் கேட்பது. 2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டர் சென்னையை 426 ஆக்கினார்கள். எங்கள் ஊராட்சித் தலைவரைக் கோயில் வாசலில் பிடித்துவிடலாம். அவரிடம் பணம் இருக்காது, ஆனால் பதில் இருக்கும்.

பெரிதாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு ஆலந்தூர் ஒரு காரணம். தனி நகராட்சியாக இருந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே வைப்புத் தொகை திரட்டிப் பாதாள சாக்கடை போட்டுக் காட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி நம்ப வைத்தார்கள். அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. ஆமாம், 2016இல் வழக்குப் போட்ட அதே பாரதிதான். உள்ளாட்சி என்றால் என்ன செய்ய முடியும் என்று காட்டியவர் போட்ட வழக்கில்தான் அந்தத் தேர்தல் நின்றது. அவர் வழக்கில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் டிசம்பருக்குள் நடக்க வேண்டியதை ஐந்து வருடம் இழுத்ததற்கு அவர் பொறுப்பில்லை.

அடுத்த தேர்தல் எப்போது?

2022 மார்ச் தொடக்கத்தில் பதவியேற்ற மன்றம், 2027 மார்ச் தொடக்கத்தில் ஐந்தாண்டை முடிக்கும். சட்டப்படி அதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். "மறுவரையறை", "இடஒதுக்கீட்டுச் சுழற்சி", "நிர்வாகக் காரணங்கள்" என்ற மூன்று சொற்களில் ஏதாவது ஒன்று செய்தித்தாளில் தென்பட ஆரம்பித்தால் தனி அலுவலரை வரவேற்கத் தயாராகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்களே நிற்கலாமே?

21 வயது ஆகியிருந்தால் போதும். 2022இல் டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சமூகத்தினருக்கு அதில் பாதி. சென்னையில் ஒரு வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த தொகை 90,000. 30,000 வாக்காளர்கள் என்றால் ஆளுக்கு மூன்று ரூபாய். ஒரு டீகூட வாங்கிக் கொடுக்க முடியாது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் இத்தனை நாள் தப்பித்து வந்தேன்.

போன வாரம் இந்தக் கேள்வியை மறுபடி யாரோ கேட்டபோது மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நம்ம வார்டு லேடீஸ் வார்டுன்னா நான் நிக்கறேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர்கள் போன பிறகு ஒரு நிபந்தனையும் சொன்னாள்: ஜெயித்தால் நான் மண்டல ஆபீஸ் பக்கமே தலைகாட்டக் கூடாதாம்.